ஏதென்ஸில் நேரம் குறைவா: அக்ரோபோலிஸா, அகோராவா?

ஏதென்ஸுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் சான்டோரினி, மைகோனோஸ் போன்ற தீவுகளுக்குப் போகிற வழியில் ஒன்றிரண்டு நாள்தான் ஒதுக்குகிறார்கள். அக்ரோபோலிஸ் குன்றின் மேல் ஏறி, அதீனா தேவியின் கோவிலான பார்த்தெனான் முன்னால் நின்று படம் எடுத்து, பிளாக்கா தெருக்களில் சாப்பிட்டுவிட்டு பிரேயஸ் துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதே குன்றின் அடிவாரத்தில், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், பண்டைய ஊரின் பொது மைதானமான பழைய அகோரா கிடக்கிறது. அதைப் பார்க்காமல் போவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்த ஊரை இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களாக உலகம் ஏன் பேசிக்கொண்டிருக்கிறது என்பதற்கான பதில் மேலே இருப்பதைவிட கீழேதான் அதிகம் இருக்கிறது.

முதலில் அக்ரோபோலிஸ். இதைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன், யாரும் சொல்லக்கூடாது. பார்த்தெனான் கட்டும் வேலை கி.மு. 447-இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளீஸ் காலத்தில் தொடங்கி, சிற்பங்கள் உட்பட கி.மு. 432-இல் முடிந்தது. அவ்வளவு பெரிய கோவிலுக்குப் பதினைந்தே வருடம். கட்டடக் கலைஞர்கள் இக்டினோஸும் காலிக்ராட்டீஸும், சிற்ப வேலைகளுக்குப் பொறுப்பு ஃபிடியாஸ், கல் பெரும்பாலும் பென்டெலி மலையிலிருந்து வெட்டி வந்த பளிங்கு. அங்கே போனால் படம் எடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். ஒரு மூலையில் நின்று, அடிப்படியின் விளிம்பை நீளவாக்கில் பாருங்கள். நடுவில் அது மெல்ல மேலே வளைந்திருப்பது தெரியும். தூண்களும் நேராக இல்லை, எல்லாம் லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கின்றன, மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பருமன். நேர்கோடுகளால் ஆனது போலத் தெரிகிற கட்டடத்தில் நேர்கோடு தேடினால் கிடைப்பது கஷ்டம், அப்படியென்றால் ஒவ்வொரு கல்லையும் அதனதன் இடத்துக்கென்று தனித்தனியாகச் செதுக்கியிருக்க வேண்டும். இதை நினைத்துக்கொண்டு சுற்றி வந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

ஆனால் நீங்கள் பார்ப்பது முழுக் கோவில் இல்லை. அது தேவாலயமாக இருந்தது, பிறகு மசூதியாக இருந்தது, 1687-இல் ஓட்டோமான்கள் அதை வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தபோது வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறிப்போனது. மிச்சமிருந்த சிற்பங்களில் பெரும் பங்கை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு கழற்றிக் கொண்டுபோய், 1816-இல் அவை பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1975-இல் தொடங்கிய சீரமைப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அதனால் ஏதாவது ஒரு பக்கத்தில் சாரமும் கிரேனும் இருந்தால் ஏமாந்துபோக வேண்டாம்.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் நுழைவுச் சீட்டு 30 யூரோ, முன்பிருந்த பல இடங்களுக்குமான கூட்டுச் சீட்டையும் எடுத்துவிட்டார்கள். எந்த நேரத்தில் நுழைகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே ஆன்லைனில் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டும். மேலே நிழல் என்பதே கிடையாது, கோடிக்கணக்கான கால்கள் பட்டு வழுவழுப்பான பாறை வேறு, செருப்பு வழுக்கும். ஜூலையில் வெப்ப அலை அடித்தால் மதியத்தில் மூடிவிடுகிற நாட்களும் உண்டு. காலை எட்டு மணிக்குத் திறக்கும்போதே போங்கள், முடிந்தால் தென்கிழக்கு வாசல் வழியாக. அங்கே நெரிசல் குறைவு, ஏறுகிற வழியில் டயோனிசஸ் அரங்கத்தையும் பார்த்துவிடலாம். கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் முதன்முதலில் அரங்கேறிய இடம் அது, பலர் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே ஏறிவிடுகிறார்கள்.

சரி, இப்போது அகோரா.

இங்கே நுழைந்ததும் பெரிதாக எதுவும் கண்ணில் அறையாது. மரங்கள், புல், அடித்தளக் கற்கள், இடது பக்கம் நீளமாக ஒரு தூண் மண்டபம், மேற்கே ஒரு சிறு மேட்டில் ஹெபைஸ்டோஸ் கோவில். அந்தக் கோவிலுக்கு முதலில் போங்கள். பார்த்தெனானுக்கு ஏறத்தாழ அதே காலத்தது, அளவில் சிறியது, ஆனால் 34 தூண்களும் இன்று வரை நிற்கின்றன. நூற்றாண்டுகளாகத் தேவாலயமாகப் புழக்கத்தில் இருந்ததால் பிழைத்துவிட்டது. ஒரு கிரேக்கக் கோவில் முழுசாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பார்த்தெனான் உதவாது, இதுதான் உதவும்.

ஆனால் அகோராவின் உயிர் கோவிலில் இல்லை. கடைவீதி, நீதிமன்றம், 500 பேர் கொண்ட ஆட்சி மன்றம், வதந்தி, வாக்குவாதம் எல்லாம் ஓரிடத்தில் நடந்த மைதானம் இது. சாக்ரட்டீஸ் ஆட்களை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டது இந்தத் தரையில்தான். அவர் மேல் வழக்குப் பதிவான அரச மண்டபத்தின் அடித்தளம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அட்ரியானு தெருவில் நின்று கீழே எட்டிப் பார்க்கலாம். (ஆமாம், பழைய அகோராவை ஊடறுத்துக்கொண்டு ஒரு ரயில் பாதை போகிறது, இன்றும் அதில் மெட்ரோ ஓடுகிறது.)

அந்த நீளமான மண்டபம் அட்டாலோஸ் மண்டபம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் அரசர் கட்டிக் கொடுத்தது, கி.பி. 267-இல் ஹெரூலியர் என்ற ஜெர்மானியக் கூட்டத்தின் படையெடுப்பில் அழிந்தது, 1950-களில் அமெரிக்கத் தொல்லியல் பள்ளி அதைப் புதிதாக எழுப்பியது. மறுபடி கட்டியது என்பதால் சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் வெயில் நேரத்தில் அதன் நிழலில் உட்கார்ந்தால் இந்த மண்டபங்கள் எதற்காகக் கட்டப்பட்டன என்பது உடனே புரிகிறது. உள்ளே ஒரு சின்ன அருங்காட்சியகம். அதில் இருப்பவை தங்கமோ பெரிய சிலைகளோ இல்லை, ஒரு ஜனநாயகத்தின் அன்றாடக் கருவிகள். நடுவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வரிசை வரிசையாகத் துளையிட்ட கல் பலகை. வக்கீல் இல்லாமல் தானே வாதாடியவர் எவ்வளவு நேரம் பேசலாம் என்று அளந்த நீர்க் கடிகாரம், ஆறு நிமிடத்தில் தண்ணீர் தீர்ந்துவிடும். தீர்ப்புச் சொல்லப் போட்ட வெண்கல வாக்குச் சில்லுகள்.

அப்புறம் பானை ஓட்டுச் சில்லுகள். உடைந்த பானைத் துண்டில் ஒருவர் பெயரைக் கீறிப் போட்டு, தேவையான வாக்கு சேர்ந்தால் அவரைப் பத்து வருடம் ஊரை விட்டு அனுப்பிவிடுவார்கள். சலாமிஸ் கடல்போரில் பாரசீகரை வென்று கொடுத்த தெமிஸ்டோக்ளீஸையே அப்படி அனுப்பினார்கள். அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் அவர் பெயர் கீறிய 190 சில்லுகள் கிடைத்தன, கையெழுத்தைப் பார்த்தால் மொத்தம் 14 பேர் எழுதியது. யாரோ முன்கூட்டியே எழுதி வைத்து விநியோகிக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள்! தேர்தல் என்று ஒன்று வந்தால் கூடவே என்னென்ன வரும் என்பது அப்போதே இருந்திருக்கிறது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்நியர்களுக்கும் இதில் எதிலும் இடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆக, அழகும் பிரமிப்பும் வேண்டுமென்றால் அக்ரோபோலிஸ். புரிதல் வேண்டுமென்றால் அகோரா. இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் குன்றுக்குப் போங்கள். அரை நாளுக்கு மேல் இருந்தால் குன்றில் ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதியை கீழே செலவழியுங்கள். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கும் அகோராதான் இதம், ஓட நிழலும் உட்கார இடமும் இருக்கிறது. மொனாஸ்டிராக்கி மெட்ரோவிலிருந்து சில நிமிட நடை. குளிர்காலத்தில் மட்டும் சீக்கிரம் மூடிவிடுவார்கள், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகங்களில் எது என்றும் கேட்கிறார்கள். குன்றுக்குப் போகிறவர்கள் 2009-இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும், அது மேலே பார்த்ததன் மறுபாதி. உச்சித் தளத்தில் கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தெனான் தெரிய, அதன் சிற்பப் பட்டையை அதே திசையமைப்பில் வைத்திருக்கிறார்கள். லண்டனில் இருக்கிற பகுதிகளின் இடத்தில் வெள்ளைச் சுதை நகல்கள். தேன் நிற மூலக் கல்லும் வெள்ளை நகலும் மாறி மாறி வருவதைப் பார்த்தால், அந்தக் கற்கள் வீடு திரும்ப வேண்டும் என்று கிரேக்கர்கள் ஏன் விடாமல் கேட்கிறார்கள் என்பது விளங்கும். நானும் அதைத்தான் விரும்புகிறேன். எரெக்தியோன் கோவிலைத் தாங்கிய பெண் சிலைகளில் ஐந்து இங்கே, ஆறாவது லண்டனில். குன்றின் மேல் நிற்பவை நகல்கள்.

தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் வேறு வகை. மைசீனியின் தங்க முகமூடி, வானியல் கணக்குப் போட்ட ஆன்டிகிதெரா பல்சக்கரக் கருவி, கடலிலிருந்து எடுத்த பிரம்மாண்ட வெண்கலக் கடவுள் என்று மொத்த கிரேக்கமும் ஒரே கூரையின் கீழ். இரண்டாவது நாள் இருந்தால் அரை நாளை இதற்கு வையுங்கள். ஸீயஸ் கோவிலின் மிச்சத் தூண்களுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டாம், வெளியே சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும்.

மக்கள் சபை கூடிய ப்னிக்ஸ் குன்றுக்குக் கட்டணமே இல்லை. பேச்சாளர்கள் நின்ற கல்மேடை இன்னும் இருக்கிறது, அங்கிருந்து அக்ரோபோலிஸ் முழுசாகத் தெரியும். மாலை வெயில் சாயும்போது போனால் படமும் நன்றாக வரும். நவம்பரிலிருந்து மார்ச் வரை வருகிறவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறு ஊரில் இருப்பது போலத் திட்டமிட்டால் அக்ரோபோலிஸும் அகோராவும் அன்று இலவசம்.