வில்லேஜ் வேன்கார்ட்: ஆறு இரவு, ஒரே குழு

நியூயார்க் வரும் நண்பர்கள் ஜாஸ் கேட்க எங்கே போகலாம் என்று கேட்டால் நான் ஒரே இடத்தைத்தான் சொல்வேன். செவன்த் அவென்யூ சவுத்தில் 178ஆம் எண், வில்லேஜ் வேன்கார்ட். சிவப்புக் கதவைத் திறந்து 15 படி இறங்கினால் முக்கோண வடிவில் ஒரு நிலவறை. 123 பேர் உட்காரலாம், அவ்வளவுதான். முக்கோணத்தின் குறுகிய முனையில் மேடை. சுவர் முழுக்க அங்கே வாசித்தவர்களின் படங்கள். சாப்பாடு கிடையாது. சமையலறை என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் அடுப்பு எரிவதில்லை. அதுதான் அலுவலகம், வாசிப்பவர்கள் ஓய்வெடுக்கும் அறையும் அதுவே.

இடத்தின் பழம்பெருமை பலருக்கும் தெரிந்திருக்கும். 1935இல் மேக்ஸ் கோர்டன் இதைத் திறந்தபோது கவிதை வாசிப்பும் நாட்டுப்பாடலும் நகைச்சுவையுமாக இருந்தது. முழு நேர ஜாஸ் மேடையானது 1957இல். அதே ஆண்டு சாக்ஸபோன்காரர் சோனி ராலின்ஸ், 1961இல் பியானோக்காரர் பில் எவன்ஸும் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனும் இங்கே செய்த நேரடிப் பதிவுகள் இன்றைக்கும் விற்கின்றன. எவன்ஸ் பதிவில் கண்ணாடிக் கோப்பைகள் இடிபடும் சத்தமும் மேசைப் பேச்சும் கேட்கும். அன்று பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த மாதமே கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. கோர்டனுக்குப் பிறகு அவர் மனைவி லொரெய்ன் 2018இல் இறக்கும்வரை நடத்தினார். இப்போது மகள் டெபரா.

இந்தப் பெருமையை வைத்தே இவர்கள் காலம் தள்ளியிருக்கலாம். நான் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் வேறு. இங்கே ஒரு குழுவை அழைத்தால் செவ்வாய் முதல் ஞாயிறு வரை மேடை அவர்களுடையது. இரவு எட்டு மணிக்கு ஒரு செட், அதாவது ஒரு கச்சேரி, பத்து மணிக்கு இன்னொன்று. இன்றைய ஜாஸ் இசைக்காரர்களில் பலர் திங்கள் ஓர் ஊர், செவ்வாய் வேறு நாடு என்று விமானத்திலேயே வாழ்கிறார்கள். ஒரே அறை, ஒரே பியானோ, அதே கூட்டாளிகள் என்று ஆறு இரவு கிடைப்பது பெரிய விஷயம். ஒரு நால்வர் குழுவைச் செவ்வாயன்றும் அதே வாரம் ஞாயிறன்றும் கேட்டேன். முதல் நாள் நால்வர் முன்னாலும் ஸ்டாண்டில் இசைக்குறிப்புத் தாள் இருந்தது, கண்ணை அதிலிருந்து எடுக்கவே இல்லை. ஞாயிறன்று ஸ்டாண்டுகளே இல்லை. செவ்வாயன்று கடைசியாக வாசித்த மெட்டை ஞாயிறன்று தொடக்கத்தில் வைத்து, பாதி வேகத்தில், பேஸ் மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போனது. பாட்டு அதேதான். ஆனால் ஐந்து நாள் பேசிப் பழகிய நால்வர் வாசித்தார்கள்.

இதனால்தான் இன்று ஜாஸை முன்னே கொண்டுபோகிறவர்கள் இந்த மேடையை விடுவதில்லை. பிரெட் ஹெர்ஷ் 2006இல் இங்கே ஒரு வாரம் முழுக்கத் தனியாகப் பியானோ வாசித்தார். அதற்கு முன் யாரும் இங்கே அப்படிச் செய்ததில்லை. ஜேசன் மொரான், டேரஸ் மட்டீன், நஷீட் வெயிட்ஸ் மூவரும் (பியானோ, பேஸ், டிரம்ஸ்) இங்கே பதிவுசெய்த இசைத்தட்டு 2003இல் வந்தது. செசில் மெக்லோரின் சால்வண்ட் என்ற பாடகியின் 2017 இரட்டைத் தட்டின் பெரும்பகுதி இந்த அறையில் பாடியதுதான். பியானோக்காரர் கிரிஸ் டேவிஸ், டெரி லின் கேரிங்டனை டிரம்ஸுக்கும் வால் ஜீன்டியை டர்ன்டேபிளுக்கும் வைத்துக்கொண்டு 2022இல் வாசித்ததும் தட்டாக வந்துவிட்டது. எவன்ஸ் வாசித்த அறையில் இசைத்தட்டைக் கையால் சுழற்றி இசை எழுப்புகிறார்கள் என்று நினைத்தாலே எனக்கு உற்சாகம் பொங்குகிறது. நம் வாசகர்களுக்கு இன்னொரு பெயர், பியானோக்காரர் விஜய் ஐயர். தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், ஹார்வர்டில் பேராசிரியர். லிண்டா மே ஹான் ஓவும் டைஷான் சோரியும் சேர்ந்த அவருடைய மூவர் குழு அட்டவணையில் தென்பட்டால் யோசிக்காமல் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை தனிக் கதை. 1966 பிப்ரவரியில் தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் தொடங்கிய பெரிய வாத்தியக் குழு, வேன்கார்ட் ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெயரில் இன்றும் திங்களன்று வாசிக்கிறது. சாக்ஸபோன் ஐந்து, டிரம்பெட் நான்கு, டிராம்போன் நான்கு, அப்புறம் பியானோ, பேஸ், டிரம்ஸ். 16 பேரும் அந்தச் சின்ன மேடையில்! முன் மேசையில் உட்கார்ந்தால் பித்தளைக் குழல்கள் எல்லாம் சேர்ந்து எழும்போது நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறது. ஒலிபெருக்கி பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அப்பாவை ஒரு திங்களன்று கூட்டிப்போனேன். அவர் மிருதங்கப் பித்தர். சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேண்டீனுக்குப் போகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. இங்கே டிரம்ஸ் தனியாக ஒலித்தபோது ஒருவர்கூட அசையவில்லை. அப்பா தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும், "நாலு நாலா எண்ணிக்கிட்டே வந்தேன்டா. நடுவுல எங்கயோ விட்டுட்டுப் போனான். திரும்பி சமத்துல, தாளம் தொடங்குற இடத்துல, கச்சிதமா வந்து விழுந்தான் பாரு!" என்றார். மறுவாரமும் போகலாமா என்று அவரே கேட்டார்.

சரி, நடைமுறைக்கு வருவோம். டிக்கெட் ஒரு செட்டுக்கு 40 டாலரை ஒட்டி இருக்கும், அதோடு பானம் ஒன்றாவது வாங்க வேண்டும். மது வேண்டாதவர்கள் சோடாவோ ஜூஸோ கேட்கலாம். இணையத்தில் முன்பதிவு செய்தாலும் இருக்கை எண் கிடையாது, முதலில் வருபவருக்கு முதல் இடம். எட்டு மணி செட்டுக்கு ஏழு மணிக்கே கதவு திறக்கிறது, அதற்கும் முன்னால் போய் நில்லுங்கள். பியானோக்காரரின் விரலைப் பார்க்க ஆசைப்பட்டால் இடப்பக்கச் சுவரை ஒட்டிய பெஞ்சு. தாளப் பிரியர்களுக்கு வலப்பக்கம், டிரம்ஸுக்கு மிக அருகில். பின்பக்கம் பார் அருகே உட்கார்ந்தாலும் ஒலி தெளிவாகவே வருகிறது. படம் எடுப்பது, பதிவு செய்வது, வாசிக்கும்போது பேசுவது எதற்கும் அனுமதி இல்லை. இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. படிகள் செங்குத்து, மூட்டுவலி உள்ளவர்களுக்குக் கைகொடுக்க ஆள் தேவைப்படும்.

ஒரே ஒருமுறை போக வாய்ப்பிருந்தால் வெள்ளி, சனியைவிட ஞாயிறு இரவு பத்து மணி செட்டை எடுங்கள். குழு வாரம் முழுதும் வாசித்து முற்றியிருக்கும். செட் ஒன்றேகால் மணி நேரம் போகும். நியூஜெர்சிக்காரர்கள் கடைசி வண்டி என்று பயந்து பாதியில் எழ வேண்டாம், பதினான்காம் தெருவிலிருந்து நியூஜெர்சி போகும் பாத் (PATH) ரயில் இரவு முழுக்க ஓடுகிறது.