அடைப்புக்குறியை விட்டு வைத்திருந்தால் நாலு ஸ்டார்

சைதாப்பேட்டையில் கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் ஆய்வுக்கட்டுரை திருத்தித் தரும் ஆபீஸ். பெயர் வேண்டாம். 1868இல் வேளாண் பள்ளி தொடங்கியதும் இதே சைதாப்பேட்டையில்தான். அது பின்னால் கோவைக்குப் போய்ப் பல்கலைக்கழகமாகிவிட்டது, எங்களுக்கு ஜெராக்ஸ் கடைகள் மிச்சம்.

என் கட்டுரை பழவேற்காட்டு சேற்று நண்டு பற்றியது. 5,500 சொல், 4,000 ரூபாய், ஆறு நாள். ஆங்கிலத்தைத் திருத்தியதில் குறை சொல்ல மாட்டேன். எக்செல்லில் நான் போட்டிருந்த அழுமூஞ்சி வரைபடங்களை 300 டிபிஐயில் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். பட்டியலில் இருந்தும் கட்டுரைக்குள் எங்கேயும் வராத இரண்டு ரெஃபரன்ஸைக் கண்டுபிடித்ததும் அங்கிருந்த பெண்தான். அதற்கே பாதிக் காசு சரியாகிவிட்டது.

நண்டில்தான் கோட்டை விட்டார்கள். முன்பெல்லாம் சேற்று நண்டு என்றாலே பெரும்பாலும் ஸில்லா செராட்டா என்றுதான் எழுதிவிடுவார்கள். 1998இல் கீனன் குழு அதை நான்கு இனமாகப் பிரித்துக் காட்டியபின், பழைய தாளில் இருப்பது எந்த நண்டு என்றே சந்தேகம். அதனால் எங்களுக்குப் பெயர்தான் உயிர். என் அட்டவணையில் 'ஸில்லா ட்ரான்குபாரிகா (ஃபப்ரீசியஸ், 1798)' என்று ஒரு வரி. நம்ம தரங்கம்பாடிதான் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, கீழே 'ஸில்லா பாராமாமோசெய்ன் எஸ்டாம்படார், 1949'. இனத்துக்கு முதலில் பெயர் வைத்தவரும் ஆண்டும்தான் பின்னால் வருவது. அவர் வேறு பேரினத்தில் (பெயரின் முதல் சொல்) வைத்திருந்தால் அவர் பெயருக்கு அடைப்புக்குறி உண்டு, இப்போதுள்ள அதே பேரினம் என்றால் கிடையாது. இவர்கள் இரண்டுக்கும் போட்டுவிட்டார்கள். போன் செய்தேன். "யூனிஃபார்மா இருக்கட்டும்னுதான் சார்!"

எங்கள் கைடு பார்த்துவிட்டு, "எடிட்டர் நண்டு சாப்பிட்டிருப்பார்ப்பா, படிச்சிருக்க மாட்டார்" என்றார்.

பணம் கட்டிய கையோடு இன்னொரு தாளை நீட்டினார்கள். 15,000 ரூபாய், பத்தே நாளில் பிரசுரம், சர்டிஃபிகேட் இலவசம். யோகா, வணிகவியல், கடல் உயிரியல் எல்லாம் ஒரே இதழில். "ஐஎஸ்எஸ்என் இருக்கு சார்" என்று அழுத்திச் சொன்னார்கள். அது இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண், அவ்வளவுதான். நம்பர் பிளேட் இருந்தால் டிரைவருக்கு ஓட்டத் தெரியும் என்றா அர்த்தம்? எங்கள் துறையில் வேலைக்குப் போனால் வேளாண் அறிவியல் அகாடமி இதழ்களுக்குக் கொடுக்கும் நாஸ் மதிப்பெண்ணைத்தான் கேட்பார்கள். அதைக் கேட்டதும் பேச்சு பைண்டிங் பக்கம் திரும்பியது. நண்டு தெரிந்த இரண்டு பேரைப் பிடித்துப் படிக்க வைக்கவே ஒரு மாதம் ஆகும், பத்து நாளில் யார் படிப்பது? யுஜிசி, தான் ஏற்கும் ஆய்விதழ்களின் பட்டியலை 2025இல் கைவிட்டபின் இந்த வியாபாரத்துக்குத் துளிர் விட்டுப் போயிற்று என்பது என் எண்ணம்.

அடைப்புக்குறியை நானே சரிசெய்து, 1954 முதல் வரும் இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸுக்கு அனுப்பிவிட்டேன்.

ஐந்துக்கு இரண்டரை. மொழிக்கும் வரைபடத்துக்கும் தாராளமாகப் போகலாம். இனப்பெயர் உள்ள அட்டவணையை மட்டும் தனி ஃபைலாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை பூட்டியிருக்கும். ஜிபே உண்டு, பில் கேட்டால்தான் வரும்.