முயல் குட்டி என்ன நிறம்? தாளா, கணிப்பானா, மரபணுச் சோதனையா?

"அக்கா, அப்பா கறுப்பு, அம்மா புளூ, அதாவது நீலச் சாம்பல். குட்டி என்ன நிறத்தில் வரும்?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தாத்தா பாட்டி என்ன நிறம், தம்பி?" பெரும்பாலும் பதில் இருக்காது. சிங்கப்பூரில் கடையில் வாங்கிய முயலோ தத்தெடுத்த முயலோ, வம்சாவளித் தாளோடு வருவது அபூர்வம். நிறத்தைக் கணிக்கும் வழிகளில் எது தேறும் என்று பார்க்கும்போது இந்தக் குறையை மறந்துவிடக் கூடாது.

முதலில் கொஞ்சம் அரிச்சுவடி. ஐந்து மரபணு இடங்களை முயல்காரர்கள் எழுத்தால் குறிப்பார்கள். 'ஏ' ரோமத்தின் நிற அமைப்பைத் தீர்மானிக்கும்: காட்டு முயல் போன்ற அகூட்டி, வயிறு மட்டும் வெளுத்த டேன், உடல் முழுக்க ஒரே நிறமான செல்ஃப். 'பி' கறுப்பா சாக்லேட்டா என்று சொல்லும். 'சி' நிறம் எந்த அளவுக்கு வெளிப்படும் என்பது. முழு நிறத்தில் தொடங்கி சின்சில்லா, சேபிள், ஹிமாலயன் என்று குறைந்துகொண்டே போய்ச் செங்கண் வெள்ளையில் முடியும். 'டி' நிறத்தை நீர்க்கவைக்கும்: கறுப்பு புளூவாகும், சாக்லேட், இளஞ்சாம்பல் நிற லைலாக் ஆகும். 'ஈ' கருநிறம் ரோமத்தில் எவ்வளவு பரவும் என்பது; ஆரஞ்சும், ஆரஞ்சில் கருநிழல் படிந்த டார்ட்டும் அங்கிருந்துதான் வருகின்றன. ஒவ்வோர் இடத்திலும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஓங்கியது வெளியே தெரியும், ஒடுங்கியது உள்ளே ஒளிந்திருக்கும். ஓங்கியதைப் பெரிய எழுத்திலும் ஒடுங்கியதைச் சின்ன எழுத்திலும் எழுதுவார்கள். தலைவலி முழுக்க அந்த ஒளிந்திருப்பதால்தான்.

தாளும் பென்சிலும் பழைய வழி. பள்ளியில் போட்ட அதே புன்னெட் கட்டம்: அப்பாவின் மரபணுக்களை ஒரு பக்கமும் அம்மாவுடையதை மறுபக்கமும் எழுதி நிரப்புவது. அதை வகுத்த ரெஜினால்ட் புன்னெட்டே முயல் ரோம நிறத்தை ஆராய்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு கணக்கு போடுவோம். அப்பாவும் அம்மாவும் செல்ஃப் கறுப்பு; ஆனால் இருவருமே சாக்லேட்டையும் நீர்த்த நிறத்தையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். 16 கட்டத்தில் 9 கறுப்பு, 3 புளூ, 3 சாக்லேட், 1 லைலாக். அழகான கணக்குதான். ஆனால் நெதர்லாந்து டுவார்ஃப் ஓர் ஈற்றில் போடுவதே இரண்டு முதல் நான்கு குட்டிதான். நான்கும் கறுப்பாகவே வந்துவிட ஏறக்குறைய 10 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நான்கில் ஒன்றுகூட லைலாக் இல்லாமல் போக 77 விழுக்காடு. "கட்டம் பொய் சொல்லிவிட்டது" என்று சிலர் அலுத்துக்கொள்வது இதனால்தான். கட்டம் வாய்ப்பைத்தான் சொன்னது, வாக்குக் கொடுக்கவில்லை.

தாளில் எனக்குப் பிடித்தது, தெரியாத இடத்தில் கோடு போட வைக்கும் அதன் நேர்மை. கறுப்பு முயல் என்றால் ஒரு பெரிய 'பி' நிச்சயம். இரண்டாவது தெரியாது, அதனால் ஒரு கோடு. அந்த முயலின் அம்மா சாக்லேட் என்று தெரிந்தால் கோட்டை அழித்துச் சின்ன 'பி' எழுதலாம். இரண்டு கறுப்புக்கு ஒரு புளூ குட்டி பிறந்தால் பெற்றோர் இருவர் தாளிலும் சின்ன 'டி' ஏறிவிடும். பின்னோக்கி யோசிக்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மற்ற கருவிகளைச் சரியாகப் பயன்படுத்தலாம்.

ஆனால் ஐந்து இடமும் கலந்திருந்தால் 1,024 கட்டம் போட வேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? அங்கேதான் இணையக் கணிப்பான் வெல்கிறது. இரண்டு முயலின் விவரத்தையும் தட்டினால் நொடியில் நிறங்களும் விழுக்காடும் வரிசையாக வந்து நிற்கும். கைக்கணக்கில் வரும் தப்பு அதில் வராது. சிக்கல் நாம் கொடுக்கும் தகவலில். நிறத்தை மட்டும் தேர்வு செய்துவிட்டு மற்றதைக் காலியாக விட்டால், அந்தக் காலியிடத்தைக் கணிப்பான் எப்படி நிரப்புகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒடுங்கியது எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் குட்டி எல்லாம் கறுப்பு என்று சொல்லும். எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால் இருபது நிறத்தை நீட்டும். முதலாவது ஏமாற்றும், இரண்டாவது உதவாது. அப்புறம், நம் கண்ணே தவறலாம். சீல் என்ற கரும்பழுப்பு நிற முயலை வீட்டு விளக்கில் பார்த்தால் கறுப்பு என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் 'சி' இடத்தில் அது வேறு ஆள். நீங்கள் 'கறுப்பு' என்று தட்டிய நொடியிலேயே விடை போய்விட்டது.

வெள்ளை முயல் வந்தால் தாளும் கணிப்பானும் சேர்ந்தே கைவிரிக்கும். செங்கண் வெள்ளையில் 'சி' இரண்டும் கடைசி வகை. நிறமே உருவாகாது, அடியில் அகூட்டியா சாக்லேட்டா என்பது முழுக்க மறைந்துவிடும். இரண்டு செங்கண் வெள்ளை சேர்ந்தால் குட்டி எல்லாம் செங்கண் வெள்ளை, அது சுலபம். நீலக்கண் வெள்ளையோ வேறு கதை, அது வியன்னா என்ற தனி மரபணுவால் வருவது. இந்த இரண்டு வெள்ளையையும் சேர்த்தால் கறுப்பும் பழுப்பும் பிறக்கலாம். பார்ப்பவர்கள் பக்கத்து வீட்டு ஆண் முயலைச் சந்தேகிப்பார்கள். ஆனால் ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

இங்கேதான் மரபணுச் சோதனைக்குக் கொடுக்கும் காசு தகும். ரோமத்தை வேரோடு பிடுங்கியோ கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் கட்டணம் கேட்டால், அஞ்சல் செலவும் சேர்ந்து வெள்ளி கரைந்துகொண்டே போகும். வெள்ளை முயலுக்கோ வம்சமே தெரியாத தத்து முயலுக்கோ சரி. பெற்றோர் நிறம் தெரிந்த முயலுக்குத் தாள் இலவசமாகச் சொல்வதைக் காசு கொடுத்துக் கேட்பானேன்?

சோதனைக் கலப்பு முறையை நான் பட்டியலின் அடியில் வைப்பேன். ஒளிந்திருக்கும் சாக்லேட்டைத் தேட, கறுப்பைச் சாக்லேட் முயலோடு சேர்ப்பது இந்த முறை. ஒளிந்திருந்தால் ஒவ்வொரு குட்டியும் சாக்லேட்டாகப் பிறக்க பாதி வாய்ப்பு. வரிசையாக ஐந்து குட்டி கறுப்பாகவே வந்தாலும் நாம் ஏமாந்திருக்க 3 விழுக்காடு வாய்ப்பு மிச்சம். கணக்கு சரியான கணக்குதான். ஆனால் வீவக வீட்டில் அந்த ஐந்து குட்டியை எங்கே வைப்பது? சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான். விற்கலாம் என்றால் விலங்கு விற்பனைக்கு உரிமம் வேண்டும். பூங்காவில் விட்டுவிட்டு வருவது குற்றம், அபராதமும் சிறையும் உண்டு. பெரிய பண்ணைக்கான வழியை மூவறை வீட்டுக்குக் கொண்டுவருவதில் அர்த்தமே இல்லை.

எந்தக் கருவியும் தேவைப்படாத இரண்டு கணிப்புகள் உண்டு. நிறத்தைவிட இவை முக்கியம். புள்ளி போட்ட முயலையும் புள்ளி போட்ட முயலையும் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி அந்தப் புள்ளி மரபணுவை இரட்டையாகப் பெறும். சார்லி என்பார்கள், உடம்பில் நிறம் குறைந்து வெளுத்திருக்கும். அவற்றுக்குப் பெருங்குடல் வீங்கிச் செயல் கெடும் ஆபத்து அதிகம். அதே போல டுவார்ஃப் மரபணு உள்ள இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒன்று இரட்டையாக வாங்கி, பிறந்த சில நாளில் இறந்துவிடும். புள்ளியை ஒரே நிற முயலோடு சேர்த்தால் சார்லி வராது. லைலாக் வருமா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இதை விசாரிப்பதே இல்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கும் ஒரு வழி. கறுப்புக் குட்டிக்குப் பிறக்கும்போதே தோல் கருத்திருக்கும். சில நாளில் காதின் உட்பக்கத்தைப் பாருங்கள்: வெளுத்திருந்தால் அகூட்டியோ டேனோ, வெளிப்பக்கம் போலவே கருத்திருந்தால் செல்ஃப். ஹிமாலயனிடம் இது செல்லாது. அது வெள்ளையாகப் பிறந்து, மூக்கும் காதும் பாதமும் வாலும் பின்னால்தான் கருக்கும். நிறம் உண்டாக்கும் நொதி உடம்பின் குளிர்ந்த பகுதியில்தான் வேலை செய்கிறது. அதனால் மின்விசிறி மட்டும் ஓடும் வீட்டில் அந்தக் கருப்பு வெளிறியே இருக்கும். குளிரூட்டிய அறையில் வளர்ந்தால் அழுத்தமாக வரும். படத்தில் பார்த்த கரு மூக்கை எதிர்பார்த்து ஹிமாலயன் தேடுபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.