ஈசியு போச்சா? ஸ்கேனர், மல்டிமீட்டர், மாற்றிப் பார்ப்பது: எதை நம்பலாம்?

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் இன்ஜின் பக்கமிருந்து பதிலும் இல்லை. உடனே "ஈசியு போச்சு", அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காரின் விலை உயர்ந்த பாகங்களில் ஒன்றைத் தூக்கி எறியச் சொல்லும் முடிவு அது. அதனால் எதை வைத்து அதை எடுக்கிறோம் என்பது முக்கியம். என் ஓட்டு முதலில் மல்டிமீட்டருக்கும் ஒரு சாதாரண பல்புக்கும்தான்.

ஸ்கேனரின் பலம் வேகம். பி0601, பி0606 போன்ற எரர் கோடுகள் (கோளாறு எண்கள்) வந்தால், தன் மெமரியிலோ ப்ராசஸரிலோ கோளாறு என்று ஈசியுவே சொல்கிறது என்று அர்த்தம். அப்போதும் கூடவே பி0562 இருக்கிறதா என்று பாருங்கள். அது வோல்டேஜ் குறைவைக் காட்டும் கோடு. இருந்தால் பேட்டரியையும் சார்ஜிங்கையும் சரிசெய்த பிறகுதான் மற்ற பேச்சு. ஸ்கேனரின் பெரிய குறை என்னவென்றால், அது கேள்வி கேட்பதே சந்தேகத்துக்குரிய அந்தப் பெட்டியிடம்தான். பதில் வராததற்கு ஈசியு செத்திருப்பது ஒரு காரணம். கரண்ட் போய்ச் சேராமல் இருக்கலாம், நடுவில் ஒயர் அறுந்திருக்கலாம். எது என்று ஸ்கேனருக்குத் தெரியாது. யு0100 கோடும் அப்படித்தான். இன்ஜின் ஈசியுவோடு தொடர்பு இல்லை என்று மற்ற கம்ப்யூட்டர்கள் புகார் சொல்கின்றன, அவ்வளவுதான்.

மல்டிமீட்டர் இங்கேதான் உதவுகிறது. கேன் லைன் (கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை ஒயர்) உள்ள பெரும்பாலான கார்களில், பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் இடையே அளந்தால் சுமார் 60 ஓம் வரவேண்டும். இரு முனைகளிலும் ஆளுக்கு 120 ஓம் இணையாக இருப்பதால் வரும் கணக்கு அது. 120 காட்டினால் ஒரு முனை துண்டாகியிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் கேட்வே (தகவலை வாங்கிக் கடத்தும் கம்ப்யூட்டர்) வைத்த சில கார்களில் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

அடுத்தது சப்ளையும் எர்த்தும். நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகக் குறைவு. அதனால் ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 12 வோல்ட் என்று காட்டிவிடும். ஈசியு கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கத்தில் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் போடுங்கள். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் நல்லது. மங்கலாக எரிந்தால், எரியும்போதே எர்த் பின்னிலிருந்து பேட்டரி நெகட்டிவ்வுக்கு அளந்து பாருங்கள். 0.1 வோல்டுக்கு மேலே போனால் எர்த் போல்ட்டைத் தேடிப்போய்ச் சுத்தம் செய்யவேண்டும். மெயின் ரிலே (ஈசியுவுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) வழியாக வரும் பின்னில், கனெக்டர் கழன்ற நிலையில் கரண்ட் இல்லாதது பல கார்களில் இயல்பு. அந்த ரிலேயை இழுப்பதே ஈசியுதான். பல்பைச் சென்சார் ஒயர்களில் வைத்துவிடாதீர்கள்.

சப்ளையும் எர்த்தும் சரி, ஆனால் ஈசியுவிலிருந்து சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் இல்லையா? கனெக்டரை மறுபடி மாட்டி, சாவியை ஆன் செய்து, சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ, ஷார்ட் அங்கேதான். ஒரு சின்ன சென்சார் ஈசியுவையே செத்ததுபோல் காட்டிவிடும்.

வேறு ஈசியுவை மாட்டிப் பார்ப்பது சுலபமான வழியாகத் தெரியும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத பூட்டு) உள்ள காரில் சாவிக்கும் ஈசியுவுக்கும் பொருத்தம் இல்லாவிட்டால், நல்ல ஈசியுவை மாட்டினாலும் வண்டி ஓடாது. அப்புறம் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஷார்ட்டான இக்னிஷன் காயில்தான் பழையதை எரித்தது என்றால், புதியதையும் அதுவே எரிக்கும். இம்மொபிலைசர் இல்லாத பழைய காரில், அதே பார்ட் நம்பர் கையில் இருந்தால் சரி, முயன்று பார்க்கலாம்.

ஆசிலோஸ்கோப் (சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் கருவி) இருப்பவர்களுக்குத் தீர்ப்பு இன்னும் தெளிவாகக் கிடைக்கும். இன்ஜின் சுழல்வதைச் சொல்லும் கிராங்க் சென்சார் சிக்னல் ஒழுங்காக உள்ளே வருகிறது, சப்ளையும் எர்த்தும் திடமாக உள்ளன, இம்மொபிலைசர் தடுக்கவில்லை, ஆனாலும் எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டருக்குத் துடிப்பு வெளியே போகவில்லை என்றால் ஈசியுவைக் கழற்றலாம்.

கழற்றியதைத் தூக்கிப் போடாமல் ரிப்பேருக்கு அனுப்புவதே மேல். 1990-களின் ஈசியுக்களில் கசிந்த கெபாசிட்டர்கள், தண்ணீர் புகுந்து பச்சை பூத்த பின்கள் எல்லாம் மூடியைத் திறந்ததுமே கண்ணில் படும். போர்டு தேறாவிட்டாலும், அதிலுள்ள டேட்டாவைப் பல நேரங்களில் வேறு போர்டுக்கு மாற்ற முடியும். சாவிப் பொருத்தமும் கூடவே வந்துவிடும். திரும்பி வந்ததை மாட்டுவதற்கு முன்னால், காயில்களையும் இன்ஜெக்டர்களையும் ஓம் அளந்துவிடுங்கள். சாதாரண பெட்ரோல் போர்ட் இன்ஜெக்டர் என்றால் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம். ஒன்று மட்டும் 2, 3 என்று காட்டினால், அதை மாற்றாமல் கனெக்டரைத் தொடாதீர்கள்.