ஊடகத் துறை டிகிரிக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வான எஸ்டிபிஎம் முடிவு வந்த கையோடு காலேஜ்களிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். டிவி, ரேடியோ, பேப்பர் வேலைக்கான தொடர்புத் துறை படிக்க ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கும் அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும் இதை எழுதுகிறேன். நான் செந்தூலில் வளர்ந்தவள். கோலாலம்பூரில் ஒரு தனியார் காலேஜில் அந்த டிகிரியை 2025-ல் முடித்தேன். காலேஜின் பெயரைப் போடவில்லை. போனில் பேசுகிற பேச்சை வைத்தே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

வீட்டில் காலையில் மின்னல் எஃப்எம் ஓடிக்கொண்டே இருக்கும். அறிவிப்பாளராக வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. எஸ்டிபிஎம் முடித்து, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூபியூவில் போட்டேன், வேறு பாடம் கிடைத்தது. அந்த நேரத்தில்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் கல்விக் கண்காட்சி. அங்கே ஓர் ஆலோசகர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க ஒரு காசு போட வேணாம், எல்லாம் பிடிபிடிஎன் பாத்துக்கும். தமிழ் டிவி, ரேடியோ, பேப்பர் எல்லா இடத்துலயும் ஆள் தேடுறாங்க. வேலைக்கு நாங்க கேரண்டி." பிடிபிடிஎன் என்றால் அரசாங்கக் கல்விக் கடன், பிறகு திருப்பிக் கட்ட வேண்டும்.

பேப்பரில் ஆள் தேடுகிறார்களாம். 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதே வருடம் உத்துசான் மலேசியா என்ற மலாய்ப் பத்திரிகையும் கதவைச் சாத்தி, பிறகு வேறு கைக்குப் போய்த்தான் மறுபடி வந்தது. இதெல்லாம் எங்களுக்கும் தெரிந்த செய்திதான். ஆனாலும் அன்றைக்கு அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

வழவழப்பான ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் 39,000 வெள்ளி (ரிங்கிட்) என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: இது பாடக் கட்டணம் மட்டும், மற்றவை மாறலாம். அந்த வரியின் மேல்தான் அப்பாவின் கட்டைவிரல் இருந்தது. எனக்கு அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பதிவுக்கு 1,500 வெள்ளி. அப்புறம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் வசதிக் கட்டணம் 600, ஸ்டூடியோ கட்டணம் 450. ஒன்பது செமஸ்டருக்குக் கணக்குப் பாருங்கள். பட்டமளிப்புக்கு 650. மொத்தம் 50,600 வெள்ளி ஆனது. பிடிபிடிஎன் எனக்குக் கொடுத்தது 30,000. மீதியில் 14,000 அப்பா தன் ஓய்வுகாலச் சேமிப்பான இபிஎஃப்பின் இரண்டாம் கணக்கிலிருந்து எடுத்தார். மற்றதற்கு அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. இன்னும் மீட்கவில்லை.

ஸ்டூடியோ என்று சொன்னேனே, அது ஒரு அறை. இரண்டு கேமரா இருந்தது, ஒன்றுக்கு பேட்டரி நிற்காது. ட்ரைபாடின் ஒரு காலை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். செமஸ்டருக்கு ஒரு குழுவுக்கு மூன்று மணி நேரம்தான் கிடைக்கும். 450 வெள்ளிக்கு அவ்வளவுதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் மறக்க முடியாதது கடைசி செமஸ்டர் பயிற்சிதான். டிவி நிலையத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். "இந்த முறை இடம் கிடைக்கலை மா" என்று சொல்லி, காலேஜின் மார்க்கெட்டிங் பிரிவிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். 2025 ஏப்ரல் கடைசியில் எஸ்பிஎம் முடிவு வந்திருந்தது. பள்ளிகளில் தன்முனைப்பு முகாம் நடத்தி எழுதி வாங்கிய பெயர்ப் பட்டியல் ஒன்று, அவர்களைச் சேர்க்கப் போனில் என்ன பேச வேண்டும் என்ற தாள் ஒன்று, இரண்டையும் என் கையில் கொடுத்தார்கள். தாளில் மூன்றாவது வரி: 'நீங்கள் காசு எதுவும் போட வேண்டியதில்லை'. அப்பாவிடம் சொன்ன அதே வரி! ஒரு நாளைக்கு அறுபது போன். முதல் வாரம் அந்த வரியை வாசித்தேன். மதிப்பெண் போய்விடும் என்ற பயம். இரண்டாவது வாரத்திலிருந்து அந்த வரியை விட்டுவிட்டுப் பேசினேன்.

இப்போது பூச்சோங்கில் ஒரு துணிக்கடைக்கு சோஷியல் மீடியா பார்க்கிறேன். சம்பளம் 1,900. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. டிகிரிக்கு என்று பார்த்தால் 200 வெள்ளிதான் கூட வருகிறது. பிடிபிடிஎன் தவணை மாதம் 190 சொச்சம், 15 வருடத்துக்கு. அந்த 200-ம் அப்படியே அதற்குப் போய்விடும்.

படிப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. பினாங்கில் யூஎஸ்எம் என்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் தொடர்புத் துறை படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அங்கே கட்டணம் நான் கட்டியதில் ஒரு சிறு பங்குதான். படிக்கும்போதே கல்யாணம், தைப்பூசம் என்று வீடியோ எடுத்துச் சேர்த்து வைத்திருந்தாள். வேலைக்குப் போனபோது சான்றிதழுக்கு முன்னால் அதைத்தான் பார்த்தார்களாம். அதே படிப்புதான். நான் கொடுத்த விலையும் கேட்ட வாக்குறுதியும்தான் என்னைக் கவிழ்த்தன.

அதனால் முதல் செமஸ்டரிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு கட்டணத்தையும் எழுத்தில், காலேஜ் முத்திரையோடு கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். போன வருடம் பயிற்சிக்கு யாரை எங்கே அனுப்பினார்கள் என்று கேட்டு, அந்த மாணவரிடமே பேசுங்கள். படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்கியூஏ அமைப்பின் இணையதளத்தில் பாடத்தைத் தேடிப் பாருங்கள். அதன் அங்கீகார எண்ணில் பிஏ (PA) என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம், எஃப்ஏ (FA) என்று இருந்தால் முழு அங்கீகாரம். புதிய பாடம் பிஏவில்தான் தொடங்கும், அதில் தப்பில்லை. ஆனால் அதை மறைத்துப் பேசுகிறார்களா என்று பாருங்கள். ஆலோசகர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக்கு 5 வெள்ளிதான். நான் விசாரித்தேன். எனக்குச் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு, காட்ட ஒரு தாள்கூட என்னிடம் இல்லை.

அந்த முதல் வாரத்தில் நான் பேசி நான்கு பேர் பதிந்தார்கள். மூன்று பேரைத் தேடிப் பிடித்து முழுக் கட்டணத்தையும் சொல்லிவிட்டேன். ரவாங்கிலிருந்து ஒரு தங்கச்சி மட்டும் நம்பரை மாற்றிவிட்டாள். தன்னுடைய அப்பா லாரி ஓட்டுகிறார் என்று அன்றைக்குச் சொன்னாள். மா, இது உன் கண்ணில் பட்டால் அடுத்த செமஸ்டர் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு செய்தி அனுப்பு.