கழுத்துல மாட்டுற "அவசர பட்டன்" வாங்கப் போறீங்களா? எங்களுக்கு 18,400 ரூபாய் போச்சு, படிச்சுட்டு முடிவு பண்ணுங்க

வயசான அப்பா அம்மாவை ஊர்ல விட்டுட்டு வெளியூர்ல இருக்கிறவங்க எல்லாரும் இதைப் படிங்க. கழுத்துல ஒரு பட்டனை மாட்டிவிட்டு, "அமுக்கினாப் போதும், 24 மணி நேரமும் நாங்க இருக்கோம், ஆம்புலன்ஸ் வீடு தேடி வரும்"னு விக்கிறாய்ங்க பாருங்க, அப்படி ஒரு கம்பெனிக்கு 18,400 ரூபாய் கொடுத்துட்டு நிக்கிறோம். பட்டனுக்கு 8,500, ஒரு வருஷ சந்தா 9,900. பேரைப் போடலை, வக்கீல் நோட்டீஸ் போற வரைக்கும் போட வேணாம்னு தம்பி கண்டிப்பாச் சொல்லிட்டான். இந்த மாதிரி சாமான் வாங்குறப்ப என்னென்ன பாக்கணும்னு கடைசியில வரிசையா எழுதுறேன். மொதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன், இல்லாட்டி எனக்கு ஆத்திரம் அடங்காது.

அம்மா இருக்கிறது மேலூர் தாண்டி கொட்டாம்பட்டி பக்கம் ஒரு கிராமம். வயசு 71. அப்பா போன பிறகு எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தோம், "மாட்டை யாரு பாக்குறது, நான் வரலை"ன்னு அங்கேயே இருக்கு. நான் மதுரை வில்லாபுரத்துல, தம்பி பெங்களூர்ல. ராத்திரி பத்து மணிக்கு மேல அம்மா நம்பர்ல இருந்து போன் வந்தா ரெண்டு பேருக்கும் வயித்தைக் கலக்கும். அந்தப் பயத்தைத்தான் இவிங்க காசாக்குறாய்ங்க.

ஃபேஸ்புக்ல விளம்பரம் பாத்து தம்பி நம்பரைக் கொடுத்தான். உடனே ஆள் அனுப்பிட்டாய்ங்க. இன் பண்ணின சட்டை, தோள்ல லேப்டாப் பை, பேச்சு மட்டும் நம்ம பேச்சு. உசிலம்பட்டிப் பக்கம்னு சொன்னான். நானும் அன்னைக்கு ஊர்ல இருந்தேன். திண்ணையில உக்காந்து அம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடிச்சான். பட்டனோட வந்த நீலப் பட்டையைப் பாத்து அம்மா மூஞ்சியைச் சுளிச்சதும், பைக்குள்ள இருந்து கருப்புக் கயிறு எடுத்து அதுல கோத்து, "இது சாமி கயிறு மாதிரித்தேன் ஆத்தா, குளிக்கிறப்பவும் கழட்டக் கூடாது"ன்னு அவனே கட்டிவிட்டான். அப்புறம் அமுக்கச் சொன்னான். ரெண்டு ரிங்குதான் போயிருக்கும், ஒரு பொண்ணு குரல், சுத்தமான தமிழ்ல, அம்மா பேரைச் சொல்லி, "நல்லா இருக்கீங்களாம்மா, சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு. அம்மா முகத்தைப் பாக்கணுமே! அந்த எடத்துலதான் விழுந்தோம். தம்பி அங்கிருந்தே 18,400 ரூபாயைப் போட்டுவிட்டான். சாயங்காலம் தண்ணி பிடிக்கப் போன எடத்துல எல்லாம், "எங் கழுத்துலயே ஆளு இருக்குடி"ன்னு அம்மா காட்டிக்கிட்டுத் திரிஞ்சுச்சு.

போன வாரம் ராத்திரி ரெண்டு மணி வாக்குல அம்மா பாத்ரூம் போயிருக்கு. எங்க ஊர்ப் பக்கம் பாத்ரூம் வீட்டுக்குள்ள இருக்காது, கொல்லையில தனியாக் கட்டி மேல தகர ஷீட்டு போட்டிருக்கும். உள்ள இருக்கிற படியில வழுக்கி விழுந்து, எந்திரிக்க முடியலை. பட்டனை அமுக்கியிருக்கு. போனை எடுத்திருக்காய்ங்க, அதை மறுக்கலை. எடுத்தது தமிழ்ப் பொண்ணு இல்லை. மொதல்ல இந்தியில ஏதோ கேட்டிருக்கான், அப்புறம் இங்கிலீசு. அம்மா "நான் விழுந்துட்டேன்யா, கால அசைக்க முடியலை"ன்னு கத்தியிருக்கு. அந்தப் பக்கம் இருந்தவன் "தமிழ், தமிழ்"னு ஏதோ சொல்லிட்டு ஹோல்ட்ல போட்டுட்டான். ஹோல்ட்ல பாட்டு ஓடியிருக்கு. ஈரத் தரையில இடுப்பு ஒடிஞ்சு கெடக்குற பொம்பளை, கழுத்துல கெடக்குற பட்டன்ல பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. கொஞ்ச நேரத்துல லைன் கட்டாயிருச்சு. அவிங்க கணக்குல அது எப்படிப் பதிவாயிருக்கு தெரியுமா? "வாடிக்கையாளர் இணைப்பைத் துண்டித்தார்." இதை எழுதுறப்பவே கை நடுங்குது.

அடுத்து தம்பிக்கு போன் பண்ணியிருக்காய்ங்க, அவன்தான் பட்டியல்ல மொத நம்பர். ரெண்டாவது நம்பர் நான். எனக்கு ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. தம்பி பதறிப்போய்க் கேட்டதுக்கு, "ஆம்புலன்ஸ் பார்ட்னரைத் தேடிக்கிட்டு இருக்கோம் சார், லொகேஷன் நத்தம் ரோட்டுல காட்டுது, சரியா?"ன்னு கேட்டிருக்கான். நத்தம் ரோடு எங்க, எங்க ஊரு எங்க! அப்புறம் ஒரு மொபைல் கடைத் தம்பிகிட்ட விசாரிச்சப்பத்தான் புரிஞ்சுச்சு. கூரைக்குக் கீழ ஜிபிஎஸ் சரியா எடுக்காது, அப்ப அந்தப் பட்டன் பக்கத்து செல்போன் டவரை வச்சுத்தான் இடத்தைக் கணிக்கும். டவுன்ல டவர் நெருக்கமா இருக்கும், பரவாயில்லை. கிராமத்துல ஒரு டவரே பல ஊருக்குச் சேத்து இருக்கிறதால கிலோமீட்டர் கணக்குல தள்ளிக் காட்டும். டெமோ காட்டினவன் வெட்டவெளித் திண்ணையில உக்காந்து காட்டினான்ல, இப்ப வெளங்குதா?

தம்பி அவனை விட்டுட்டு 108-க்கு அடிச்சிருக்கான். எடுத்தவங்க கன்னடத்துல பேசியிருக்காங்க. ஏன்னா 108 நாம எந்த மாநிலத்துல நின்னு அடிக்கிறோமோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். நம்ம 108-க்கு கட்டுப்பாட்டு அறை சென்னை தேனாம்பேட்டையில இருக்கு, தமிழ்நாட்டுக்குள்ள இருந்து அடிச்சாத்தான் அங்க போகும். 2008-ல இருந்து இந்த வண்டி ஓடுது, எத்தனை பேருக்கு இந்த விஷயம் தெரியும்னு சொல்லுங்க? வட நாட்டுல உக்காந்திருக்கிற அந்த கால் சென்டர்காரன் நெனைச்சாலும் 108 அடிச்சு எங்க அம்மாவுக்கு வண்டி வரவழைக்க முடியாது. இது தெரிஞ்சுக்கிட்டேதான் "நாடு முழுக்க சேவை"ன்னு நோட்டீஸ் அடிக்கிறாய்ங்க.

அதுக்கப்புறம்தான் தம்பி என்னை எழுப்பினான். நான் இங்க இருந்து 108 அடிச்சேன், உடனே எடுத்தாங்க, ஊரு, பக்கத்துல என்ன அடையாளம், அம்மா பேசுறாங்களா, ரத்தம் போகுதான்னு கேட்டு வண்டியை அனுப்பினாங்க. எங்க வீட்டுக்காரர் போன்ல இருந்து எதிர்வீட்டுச் சித்தப்பாவுக்கு அடிச்சோம். அறுபத்தஞ்சு வயசுல அந்த மனுசன் கொல்லைச் சுவரு ஏறிக் குதிச்சிருக்காரு. பாத்ரூம் உள்தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு, கடப்பாரையால நெம்பித்தான் கதவைத் திறந்தாராம். வலது கால் பாதம் வெளிப்பக்கமாத் திரும்பி, அந்தக் காலே குட்டையாத் தெரிஞ்சுச்சுன்னு சொன்னாரு. தூக்கி உக்கார வைக்கலாம்னு சித்தி சொன்னதுக்கு, "வேணாம், வண்டிக்காரங்க வரட்டும்"னு போர்வையை மட்டும் போத்தி, தலைமாட்டுல உக்காந்திருக்காரு. தண்ணிகூடக் கொடுக்கலை. அவரு செஞ்சது ரொம்பச் சரின்னு டாக்டர் சொன்னாங்க. இடுப்பு எலும்பு முறிவு, அசைச்சிருந்தா இன்னும் மோசமாயிருக்கும். ஆபரேஷன் முடிஞ்சு அம்மா இப்ப எங்கூடத்தான் இருக்கு, வாக்கர் பிடிச்சு நாலு எட்டு வைக்குது.

இனிமேதான் கூத்து. ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். "உங்க அனுபவத்துக்கு வருந்துறோம் மேடம், டிக்கெட் போட்டிருக்கோம்"னு ஒருத்தி. டிக்கெட்டுன்னா புகார்ப் பதிவாம். மறுபடி பண்ணினா வேற ஒருத்தி, மறுபடியும் மொதல்ல இருந்து கதை. வாட்ஸ்அப்ல எழுதினா கைகூப்புற பொம்மை வருது. அந்த டெமோ காட்டின பையன் ஆரம்பத்துல, "அக்கா, நான் சேல்ஸ் மட்டும்தேன், சர்வீஸ்ல பேசுங்க"ன்னான், இப்ப எடுக்கிறதே இல்லை. அம்மா இன்னமும் "அந்தப் பையன் நல்ல பையந்தான், பாவம்"னு சொல்லுது. அதைக் கேக்க எனக்கு இன்னும் ஆத்திரமா வருது.

கடைசியில மேனேஜர்னு ஒருத்தன் பேசினான். அவன் சொன்னதைச் சொல்றேன் கேளுங்க. போனை நாப்பது செகண்டுக்குள்ள எடுத்துட்டாய்ங்களாம், அதோட அவிங்க கடமை முடிஞ்சுச்சாம். ஆம்புலன்ஸ் அனுப்புறது "ஏற்பாடு செய்ய முயற்சிக்கிறது" மட்டும்தானாம், விதிமுறையில இருக்காம். தமிழ் ஆளு காலையில எட்டுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும்தானாம், அதுவும் விதிமுறையில இருக்காம். வயசானவங்க ராத்திரி எட்டு மணிக்கு மேல விழ மாட்டாங்க போல! 18,400 ரூபாயைத் திருப்பிக் கொடுன்னு கேட்டேன். பட்டன் வேலை செஞ்சிருக்கிறதால காசு திரும்ப வராதாம். "வேணும்னா ஒரு மாசம் சந்தா ஃப்ரீயா நீட்டிக்கிறோம் மேடம்"ங்கிறான். அன்னைக்கு ராத்திரியே டிக்கெட் மூடப்பட்டதுன்னு மெசேஜ், கூடவே எங்க சேவைக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீங்கன்னு கேள்வி.

சரி, வரிசையா எழுதுறேன்னு சொன்னேன். அம்மாவுக்கு மாத்திரை கொடுக்குற நேரமாச்சு, முக்கியமானதை மட்டும் சொல்லிடுறேன்.

எவன் டெமோ காட்டினாலும் திண்ணையில பாக்காதீங்க. பாத்ரூமுக்குள்ள போய், கதவைச் சாத்தி, தரையில உக்காந்து அமுக்கச் சொல்லுங்க. பகல்ல வேணாம், நடுராத்திரியில அமுக்கிப் பாருங்க. எந்த மொழியில எடுக்கிறாய்ங்க, எந்த ஊர்னு சொல்றாய்ங்கன்னு தெரிஞ்சுபோகும். அதுக்கு முன்னாடி காசு கொடுக்காதீங்க.

வெளி மாநிலத்துல இருக்கிற பிள்ளைங்க 108 அடிச்சுக்கிட்டு நேரத்தை வீணாக்காதீங்க. அப்பா அம்மாவுக்கு நடந்தே வந்துரக்கூடிய தூரத்துல இருக்கிற மூணு வீட்டு நம்பர் உங்க போன்ல இருக்கணும், அவங்களை 108 அடிக்கச் சொல்லுங்க. ஒரு சாவியும் அவங்ககிட்ட இருக்கட்டும். பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிட்டு, வெளியில இருந்து திறக்கிற மாதிரிப் போடுங்க. நாங்க போட்டாச்சு.

அம்மா ஊருக்குத் திரும்பிப் போறேன்னு இப்பவே அடம்பிடிக்குது. அதனால டவுன்ஹால் ரோட்ல வயர் இல்லாத காலிங் பெல் ஒண்ணு 450 ரூபாய்க்கு வாங்கினோம். பட்டன் ஊர்ல அம்மா வீட்டுப் பாத்ரூம்ல, பெல்லு சித்தப்பா வீட்டுக் கட்டில் மேல. பட்டனை கணுக்கால் உயரத்துல ஒட்டியிருக்கோம், கீழ கெடக்குறவங்களுக்கு கை எட்டணும்ல. அமுக்கிப் பாத்தோம், தெரு முழுக்கக் கேக்குது.

காசு விஷயம்: 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அதுல புகார் பதிஞ்சாச்சு. "வழக்கு டெல்லியில மட்டும்"னு விதிமுறையில போட்டிருக்காய்ங்க, பயப்படாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா மனுவுக்குக் கட்டணமே கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். பில்லு, மெசேஜ், கால் பட்டியல் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, கம்பெனி ஆப்பை அழிச்சிராதீங்க.

இன்னொண்ணு, இதை இப்பவே பாருங்க. காசு கட்டுறப்ப ஆட்டோபேன்னு ஒண்ணுக்கு, அதாவது அடுத்தடுத்த சந்தாவை அவிங்களே தானா எடுத்துக்கிறதுக்கு, ஓகே வாங்கியிருப்பாய்ங்க. யுபிஐ ஆப்புல ஆட்டோபே பகுதிக்குப் போனா ரத்து பண்ண வழி இருக்கு. தம்பி நேத்து ராத்திரி போய்ப் பாத்தா, அடுத்த வருஷம் 9,900 ரூபாய் எடுக்கிறதுக்கு அனுமதி இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. ரத்து பண்ணிட்டான்.