கொழுப்புக் கல்லீரல்: அல்ட்ராசவுண்டா, ஃபைப்ரோஸ்கேனா?

அல்ட்ராசவுண்டில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று வந்ததும் நிறைய பேர் அந்த எண்ணையே பிடித்துக்கொள்கிறார்கள். அது கொழுப்பைப் பற்றித்தான் பேசுகிறது. கல்லீரலில் தழும்பு விழ ஆரம்பித்திருந்தால் பெரும்பாலும் காட்டாது. ஃபைப்ரோஸ்கேன் விலா எலும்புகளுக்கு நடுவே லேசாகத் தட்டி, அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்து, கல்லீரலின் விறைப்பைக் கிலோபாஸ்கலில் சொல்கிறது; தழும்பு கூடினால் விறைப்பும் கூடும். 8-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு (3 மணி நேரமாவது சாப்பிடாமல் போங்கள், இல்லையென்றால் எண் ஏறிவிடும்).

சரி, எல்லோருக்கும் வேண்டுமா? வேண்டாம். ஆனால் டைப் 2 சர்க்கரை நோயோ, தொப்பையோடு பிரஷரும் டிரைகிளிசரைடும் சேர்ந்தோ இருந்தால் ‘கிரேடு 1 தானே’ என்று விட்டுவிடாதீர்கள். வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி (ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் என்சைம்கள்), பிளேட்லெட் வைத்து, தழும்புக்கு வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் ஃபிப்-4 கணக்குப் போடச் சொல்லுங்கள், 65 வயதுக்குள் அது 1.3-ஐத் தாண்டினால் ஃபைப்ரோஸ்கேன்தான்.